காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை

மருந்து வேலை செய்கிறதா என்று மருந்திடம் கேட்க முடியாது. அதை விழுங்குகிறவரிடம்தான் கேட்க வேண்டும், அவரோ "சுகமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நம்முடைய வீட்டாரை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். இதுதான் என் தொழில். குடிசனக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், காப்புறுதிக்கு ஆள் பிடிக்கிறவர்கள், இன்னும் மற்றவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைக்கிற என் இனத்தார் எல்லோரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மற்றவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு புது மருந்தை வெளிநாட்டில் ஆராயும்போது அதைச் சாப்பிடுகிறவர்கள் பொறுக்கியெடுத்த ஆட்கள். நேரத்துக்குச் சாப்பிடுவார்கள், நேரத்துக்குத் தூங்குவார்கள், மாத்திரையைச் சொன்னபடி விழுங்குவார்கள். அதே மருந்து கண்டிக்கு வந்து, மலையேறி, நோன்பு பிடித்து, கல்யாண வீட்டில் கண்விழித்து, பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு கதை. அந்த வேறு கதையைச் சேகரிக்கிறவள் நான். எங்கள் மருந்து, வலிப்பு நோய்க்கான ஒரு புது மாத்திரை. தற்காலிக அனுமதியில் எங்கள் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். அதை நிரந்தரமாக அனுமதிப்பதா, நிறுத்துவதா என்று கொழும்பில் ஒரு குழு தீர்மானிக்கும். நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையில் அது என்ன செய்தது என்று நாங்கள் கொடுக்கிற விபரத்தையும் பார்த்துத்தான் தீர்மானிக்கும்.

நான் கண்டியில் கட்டுக்கலைப் பெண். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. இந்த வேலைக்கு இரண்டும் மாறி இருந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் இத்தனை காலம் என்னைத் துரத்திவிடாமல் வைத்திருந்த நோயாளிகளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த நன்றிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன் வந்தால் பயம்

நஸீர் நானாவுக்கு மடவளையில் துணிக்கடை. வலிப்புக்காக எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் அவரும் ஒருவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய வீட்டுக்குப் போன் எடுத்தேன். எடுத்தவர் அவருடைய மனைவி. "ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன்" என்றேன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரு விம்மல், பிறகு அழுகை, பிறகு வீடு முழுக்க ஆட்கள் ஓடிவரும் சத்தம். யாரோ கடைக்குப் போன் எடுக்கச் சொன்னார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தால் அது மையித்துச் செய்தியாகத்தான், சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் ஒரு எண்ணம். அதை நான் மறந்துபோயிருந்தேன்.

ஒன்றுமில்லை, அவர் நலமாக இருக்கிறாரா, தலைசுற்று ஏதும் இருக்கிறதா என்று கேட்கத்தான் எடுத்தேன் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அந்த அம்மா மறுபடி போனை வாங்கினார். அழுகை நின்று குரலில் கோபம் ஏறியிருந்தது.

"நல்லா இருக்கிற மனுசன, நல்லா இருக்காரான்னு கேக்கிறதுக்கு சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்களா?"

எல்லோரும் சுகம்

கமலேஸ்வரி அக்கா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். வலிப்பு வந்து ஒருமுறை மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். அதன்பிறகு கங்காணி அவரை மலையிலிருந்து இறக்கி, வரிசை வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் புல் வெட்ட விட்டுவிட்டார். பழைய மருந்துகளில் ஒன்று அவருக்கு உடம்பெல்லாம் தடிப்பை உண்டாக்கியது, இன்னொன்று நாள் முழுக்கத் தூங்க வைத்தது. இந்தப் புது மாத்திரை வந்த பிறகுதான் மறுபடி மலையேறினார். தேயிலையில் தனக்கென்று ஒரு நிரை, பக்கத்து நிரையில் பேச்சுக்கு ஆள், கூடை நிறைந்தால் ஒரு சந்தோஷம். அந்த நிரையைப் பற்றிப் பேசும்போது சிலர் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

கிளினிக்கில், டொக்டர் பக்கத்தில் இருக்கும்போது, அவரிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தலைசுற்று? இல்லை. வாந்தி? இல்லவே இல்லை. மாத்திரை தவறியதா? சேச்சே. எல்லாம் சுகம். எழுதி முடித்து, மத்தியானம் சாப்பிட வெளியே போனால், பஸ் நிலையத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் அதே கமலேஸ்வரி அக்கா. தலைசுற்று. கிளினிக்குக்கு வருகிற அவசரத்தில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டாராம். அடிக்கடி இப்படித்தான் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே சண்டைக்குப் போனேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, என் அறியாமைக்காக இரக்கப்படுகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"அவ்வளவு படிச்ச டொக்டர் குடுத்த மருந்த அவுங்க முன்னாலயே கொற சொல்றதா மிஸ்? அது மரியாதையா?"

குளிசையும் கும்பிடும்

நான் கொண்டுவரும் பதில்களை எல்லாம் கம்பியூட்டரில் சேர்த்து ஒழுங்குபண்ணுகிறவர் சிவரூபன். யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். யாருக்கும் தலைசுற்று இல்லை, யாரும் மாத்திரை தவறவில்லை. ஆனால் பலருக்கு வலிப்பு திரும்ப வந்திருக்கிறது, சிலர் மருந்தையே விட்டுவிட்டார்கள். இப்படியே கொழும்புக்குப் போனால் குழு என்ன நினைக்கும்? ஒழுங்காகச் சாப்பிட்டும் மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் நினைக்கும். அனுமதி நின்றால் மாத்திரை வருவதும் நிற்கும்.

எனக்குக் கமலேஸ்வரி அக்காவின் நிரை கண்முன் வந்தது. சுகம் சுகம் என்று மரியாதை காட்டியே அந்த மனுஷி தன் மருந்தைத் தானே நிறுத்திக்கொள்ளப் போகிறார் என்று பயந்தேன். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், என் ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று வீறாப்பாகச் சொன்னேன். சிவரூபன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய ஊரில் மாத்திரைக்குக் குளிசை என்று பெயர்.

"ஓம், நல்ல சனங்கள்தான். ஆனா அவை குளிசையைப் போடினமோ, சாமியறையில வைச்சுக் கும்பிடினமோ எண்டு ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

ரொட்டி மலையில், மாத்திரை லயத்தில்

கலஹா தாண்டி, பஸ் இறங்கி, நகரத்துச் செருப்போடு மலையேறினேன். கமலேஸ்வரி அக்காவைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு கால்களிலும் அட்டை. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்களிடம், கண்டியிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் என்று என்னை அறிமுகப்படுத்தினார். நானும் தலையாட்டி, யாருக்கோ சித்தி மகள் ஆனேன். தேத்தண்ணி நேரம். எல்லோரும் ரொட்டியைப் பிரித்தார்கள். அவர் எனக்கும் பாதி பிய்த்து, காரமான கட்டச் சம்பலை அள்ளி வைத்தார்.

இந்தத் தடவை தலைசுற்று இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. காலையில் எழும்பினது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். கதையாகக் கேட்டால் யாரும் மறைப்பதில்லை. எழும்பியதும் அடுப்பு, பிறகு பாலில்லாமல் ஒரு கோப்பைச் சாயத்தண்ணி, அதோடு மாத்திரை, ஓட்டமும் நடையுமாகப் பெரட்டுக்களம், அங்கே பெயர் கொடுத்துவிட்டு மலை. ரொட்டி வயிற்றுக்குள் போவது இப்போது, இங்கேதான். அதற்குள் தலை சுற்றிவிடும். அதனால் சரிவான மலைக்குப் போகிற நாளில் மாத்திரையைப் போடுவதே இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்று கிளினிக்கில் எங்கள் ஆட்கள் அழகாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தில் அந்தச் சாப்பாடு எங்கே நடக்கிறது என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

அப்படியென்றால் மாத்திரையை மலைக்குக் கொண்டுவந்து ரொட்டியோடு சாப்பிடலாமே என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அவர் மற்றப் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மலையில மாத்திர முழுங்குறத நாலு பேரு பார்த்தா கங்காணி காதுக்குப் போயிரும் மிஸ். அப்பறம் என் நெறையில வேற ஆளு நிப்பாங்க."

கஞ்சிக் கோப்பை

அது நோன்பு மாதம். தெல்தோட்டையில் இருந்து வந்த மனக்கலக்கத்தோடு, அடுத்த வாரம் மடவளைக்குப் போனேன். என்னைப் போனில் ஏசிய அதே அம்மா இப்போது, நோன்பு திறக்கிற நேரத்தில் வந்தவளைக் கஞ்சி குடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்று கதிரையில் உட்கார வைத்துவிட்டார். இஞ்சியும் தேங்காய்ப் பாலும் மணக்கிற கஞ்சி. நஸீர் நானா நோன்பு திறந்து, தொழுது, வயிறாரச் சாப்பிட்டு, அலுமாரியைத் திறந்து எங்கள் மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். போட்ட பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு நினைவு வந்தது. திருடுகிற இடத்தில் பிடிபட்ட மாதிரி நின்றார்.

காலையில் போடவேண்டிய மாத்திரை. நோன்பு என்பதால் இப்படியா என்று கேட்டேன். இல்லையாம். போன வருட நோன்பில் மாற்றியவர், பெருநாள் முடிந்தும் திரும்பக் காலைக்குப் போகவே இல்லை. கடையில் துணி அளக்கும்போது முன்பெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும்; இரவுக்கு மாற்றியதிலிருந்து அது இல்லை. வலிப்பும் வரவில்லை. திகனவில் இருக்கிற அவருடைய மச்சானுக்கும் இதே மாத்திரை, அவரும் இப்படித்தான் போடுகிறாராம். எனக்குக் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. இத்தனை நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நோன்பு அல்லாஹ்வுக்காகப் பிடிச்சது மகள். அதுக்குப் பொறகும் ராவையில போட்டது எனக்காக. டொக்டர் ஏசுவாங்கன்னு ரெண்டையும் சொல்லல்ல."

முறை தவறியவர்கள்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தலைசுற்றும் இல்லை, வலிப்பும் இல்லை என்று நான் துள்ளிக் குதித்துக்கொண்டு ஒஃபிசுக்கு வந்தால், சிவரூபன் என் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றினார். காலையில் போடச் சொன்ன மருந்தை இரவில் போட்டவர்கள் முறை தவறியவர்கள்; அவர்களைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பது வழக்கம் என்றார். கண்டியில் முறை தவறாத ஒரு ஆளைக் காட்டுங்கள், நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று கத்தினேன். கத்தியது பெரிய டொக்டரின் அறை வரைக்கும் கேட்டுவிட்டது. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

பெரிய டொக்டர் சிங்களவர். கண்டிப்பானவர். அவர் முன்னால் நோயாளிகள் மட்டுமில்லை, நானும் சுகமாகத்தான் இருப்பேன். அன்றைக்கு வேறு வழியில்லாமல் ரொட்டிக் கதையையும் கஞ்சிக் கதையையும் சொன்னேன். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு காரியத்தில் இறங்கினார். எல்லோரிடமும் புதிதாகக் கேட்க வேண்டும். காலையில் போடுகிறவர், இரவில் போடுகிறவர், விட்டுவிட்டவர், ஒருவரையும் மறைக்கக் கூடாது. இரவில் போடுகிறவர்களுக்கு நோய்க் கடுமை முதலிலேயே குறைவாக இருந்ததால்கூட மருந்து நன்றாக வேலை செய்வதுபோலத் தெரியலாம். அதையும் சரிபார்க்க வேண்டும். விரும்புகிறவர்களை அவருடைய பொறுப்பில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடும்படி மாற்றிப் பார்க்கலாம். சிவரூபன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததில்லை. எழும்பும்போது பெரிய டொக்டர் சிங்களத்தில் சொன்னார்:

"மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். எப்போது, எதோடு என்று ஒருதடவைகூட நான் கேட்கவில்லையே."

மண் சரிந்த கிழமை

மாதங்கள் ஓடின. கமலேஸ்வரி அக்கா இரவுக்கு மாறினார். தலைசுற்று போனது, வலிப்பு வரவில்லை, சரிவான மலைக்கும் போனார். நாங்கள் தேடியதற்கு நல்ல உதாரணம் என்றால் அவர்தான். விபரங்கள் கொழும்புக்குப் போக வேண்டிய வாரம். அந்தக் கிழமையில் பார்த்து மழை கொட்டியது. தெல்தோட்டைப் பாதையில் மண் சரிந்து, பஸ் நின்றுவிட்டது.

கமலேஸ்வரி அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. வழக்கமாக நான்தான் அவரைக் கூப்பிடுவேன். அவராக எடுத்தது அதுவே முதல் தடவை. கிளினிக்குக்கு வர வழியில்லாமல் மாத்திரை முடிந்துபோயிற்றாம். அது முடிந்த பிறகு, லயத்து வாசலில் எல்லோரும் பார்க்க வலிப்பு வந்து விழுந்தாராம். அடி பலமில்லை. ஆனால் இத்தனை நாளும் ஒளித்து வைத்தது வெளியே வந்துவிட்டது. கங்காணிக்கும் தெரியும். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஆறுதலுக்காகப் போன் எடுக்கவில்லை.

மாத்திரையைப் பொதிசெய்து பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தோம். அவர் மண் சரிந்த இடம் வரைக்கும் கொண்டுபோய், அந்தப் பக்கம் ஓடுகிற பஸ் கொண்டக்டரிடம் கைமாற்றினார். அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. அந்த இரண்டு பேரின் பெயரும் எனக்குத் தெரியாது, நல்லா இருக்கட்டும். ஆனால் அன்று என்னை அழவைத்தது அதுவல்ல. போனை வைப்பதற்கு முன் கமலேஸ்வரி அக்கா சொன்னது:

"இந்த மாசம் சுகமில்ல மிஸ். மாத்திர இல்லாதப்போ வந்துச்சு. மருந்து நின்னுரும்னு பயந்துக்கிட்டு இத எழுதாம விட்டுறாதீங்க. நடந்தது நடந்தபடியே போகட்டும்."

செய்தி வந்த நாள்

நடந்தது நடந்தபடியே போயிற்று. குழு எங்கள் நோயாளிகளின் கதையையும் வேறு இடங்களின் விபரங்களையும் சேர்த்துப் பார்த்து, மாத்திரைக்கு நிரந்தர அனுமதி கொடுத்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்று இருந்ததை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றியும் விட்டது. சிவரூபன் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். நான் மடவளைக்குப் போன் எடுத்து, நானா செய்ததைத்தான் இப்போது எல்லோரும் செய்யப் போகிறார்கள் என்றேன். போனில் இருந்த அவருடைய மனைவி நம்பவில்லை.

"எங்கட மனுசன் சொன்னதக் கேட்டு கொழும்புல மாத்தியிருக்காங்களா? வீட்டுல அவர் சொல்றத ஒருத்தரும் கேக்கிறதில்லையே."

கமலேஸ்வரி அக்கா அடுத்த கிளினிக்குக்கு வந்தார். நான் கேட்கப் பயந்த கேள்விக்கு அவரே பதில் சொன்னார். கங்காணி அவரை மறுபடி மலையிலிருந்து இறக்கத்தான் பார்த்தாராம். பக்கத்து நிரைப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இவரை எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம். அந்த நடு நிரை இப்போது அவருடையது. அந்தப் பெண்களின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. அவர்களுடைய ரொட்டியைச் சாப்பிட்டிருக்கிறேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பெரிய டொக்டர் அவரைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று தமிழில் கேட்டார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கமலேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது. கொழுந்து பறித்த விரலுக்கு மாத்திரை அட்டையைப் பிய்ப்பது கஷ்டம். கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்து இடுப்பு நோகிறது. பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. பெரிய டொக்டர் ஒன்றையும் விடாமல் எழுதினார். எழுதி முடித்ததாக நினைத்து நிமிர்ந்தபோது, கமலேஸ்வரி அக்கா எழும்பவில்லை.

"நான் சுகந்தான் டொக்டர். ஆனா இன்னும் கொஞ்சம் கொற இருக்கு, எழுதிக்கிறீங்களா?"

வந்த ஆள் வாய் ஓயாமல் குறை சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்குக் கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற தொழில் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.